பந்தக்கா

வேலை கேட்டு வந்த முதல் நாளில் அந்த அக்கா எங்கள் யூனிட் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உயரமான ஒரு பெண்மணி. கண் மூடியிருந்தது. சுவரில் சாய்ந்து, முழங்காலை லேசாக மடக்கி, மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சாமி வந்துவிட்டதோ, வலிப்போ என்று எனக்குப் பயம்.

"என்ன செய்யுது? தண்ணி கொண்டாரவா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"செத்த நேரம் பொறு தாயி. இப்பத்தான் ஆப்புட்டுச்சு. விட்டா ஓடிரும்."

எது அகப்பட்டது, எது ஓடிவிடும் என்று தெரியாமல் நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் பெருமூச்சு ஒன்றை விட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தார். கையில் பழைய டென்னிஸ் பந்து, பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பந்து. அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல, "செக்கிங் வேலைக்கு ஆளு வேணும்னு சொன்னாக" என்றார்.

கொரோனா முடிந்து யூனிட்டை நாங்கள் திரும்பத் திறந்த சமயம் அது. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுக்குப் பின்பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் நைட்டி தைக்கிற யூனிட் ஒன்று வைத்திருக்கிறோம். வெட்டுவதை அவர் பார்த்துக்கொள்வார். தைப்பது முழுக்கப் பெண்கள். தைத்து வருவதைப் பார்த்து, பிசிறு வெட்டி, தையல் விட்டுப்போனதைத் திருப்பி அனுப்பி, மடித்துக் கவரில் போடுவது செக்கிங். அதற்கு ஆள் கிடைக்காமல் நானே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே அவரை அந்த மேசையில் உட்காரவைத்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கண் கூர்மை. நெஞ்சுப் பகுதியில் பூ தலைகீழாகப் போயிருந்தால் மேசைக்கு வருவதற்குள்ளேயே, "அத அப்பிடியே கொண்டு போ" என்பார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிற எனக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது. எல்லோருக்கும் அவர் பந்தக்காதான்.

உட்கார்ந்த இடத்திலெல்லாம் அந்தப் பந்து அவருக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருக்கும். பஸ்ஸில் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில். சாப்பிடும்போது தொடைக்கும் பெஞ்சுக்கும் நடுவில். நின்றுகொண்டு மடிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலுக்கு அடியில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார். உடம்பில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பது அவருக்கு ஒரு பழக்கம். தொலைந்த கம்மலைத் தேடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தேடுவார். கிடைத்துவிட்டால் அந்த முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் வரும்.

வந்த கொஞ்ச நாளிலேயே ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் இருந்த லட்சுமி அவரிடம் மாட்டினாள். லட்சுமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தினமும் சாயங்காலம் நெற்றிப் பொட்டைப் பிடித்துக்கொண்டு, "நொப்பி, நொப்பி" என்று முனகுவாள். வலியைத்தான் அப்படிச் சொல்வாள். அன்றைக்கு அக்கா அவள் முன்னால் போய் நின்றார்.

"நொப்பி எங்க?"

"தலைலதான் அக்கா. பொட்டுக்குள்ள."

"அது வந்து சேந்த எடம். கெளம்புன எடம் எங்க?"

லட்சுமி முழித்தாள். "தலைவலிக்கு எடம் வேற தனியா இருக்கா?"

"கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல சதை இருக்கு பாரு, பை மாட்டுற எடம். அதக் கொத்தா பிடி. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டு. கவுறு மாதிரி ஒண்ணு தட்டுப்படும். அந்தக் கவுத்துலயே பயறு மாதிரி ஒரு எடம் இருக்கும். தேடு."

"நீங்களே அமுக்கி விடுங்கக்கா. ஒங்களுக்குத்தான் தெரியுதே."

"நான் தொட மாட்டேன்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசிவரை அவர் மாற்றிக்கொள்ளாத விஷயம் இதுதான். யார் கேட்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும் இன்னொருவர் உடம்பில் அவர் கை வைத்ததில்லை. எதிரே நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். "இன்னுங் கொஞ்சம் பின்னால... கழுத்துக்குப் போயிராத, அங்க அமுக்கக் கூடாது... தோளுக்கு வா... மெதுவா..." சமையல் சொல்லிக்கொடுப்பதுபோல இருக்கும்.

லட்சுமி சலித்துக்கொண்டே தேடினாள். திடீரென்று "ஆ!" என்று கத்தினாள். பக்கத்து மிஷின்கள் நின்றன. அவளுடைய விரல் தோளில் இருந்தது. இன்னொரு கை நெற்றிப் பொட்டுக்குப் போயிருந்தது.

"இங்க அமுக்குனா அங்க வலிக்குது!"

"அதான் முடிச்சு. அமுக்கிக் கொல்லாத. பல்லக் கடிக்கிற அளவுக்கு வேண்டாம், 'ம்ம்'னு சொல்ற அளவுக்குப் போதும். அப்பிடியே பிடிச்சுக்கிட்டு மூச்ச விடு. இளகும். பொறவு தலைய அந்தப் பக்கமாச் சாய்ச்சு மெதுவா நீட்டி விடு."

லட்சுமி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் காலை வணக்கம் என்பதே "நொப்பி எங்க?" என்று ஆகிவிட்டது.

தைக்கிற பெண்களுக்குத் தோள், முதுகு, முழங்கை, இடுப்பு என்று வலிக்காத இடம் கிடையாது. குனிந்தே இருக்கிற வேலை. அக்கா வந்தபிறகு, காலை டீ குடித்ததும் எல்லோரும் எழுந்து சுவரோரம் போய் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். பந்து நழுவி நழுவி விழுகிறது என்று லட்சுமி ஒரு யோசனை கண்டுபிடித்தாள். வெட்டில் மிஞ்சுகிற துண்டுத் துணியில் நீளமாக ஒரு குழல் தைத்து, பந்தை அதன் அடியில் போட்டு, மேல் நுனியைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொள்வது. பந்து முதுகில் தொங்கும். வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கலாம். ஆளுக்கொன்று தைத்துக்கொண்டார்கள். ஒருத்தியுடையதில் ரோஜாப்பூ, இன்னொருத்தியுடையதில் மயில்.

என் வீட்டுக்காரருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"மிஷின நிறுத்திட்டு எருமை மாடு முதுகு தேய்க்கிற மாதிரி தேய்க்காளுக. இது யூனிட்டா, தொழுவமா?" என்று என்னிடம் பொருமுவார். அக்காவிடம் நேரே சொல்லத் தைரியம் இல்லை. அவர் செக்கிங்கில் உட்கார்ந்த பிறகு திரும்பி வருகிற சரக்கு குறைந்துபோயிருந்தது.

மதுரையிலிருந்து மொத்தமாக எடுக்கிற வியாபாரி ஒருவர் அப்படி ஒரு நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். புது ஆள், பெரிய ஆர்டர். என் வீட்டுக்காரர் அவரைப் பவ்வியமாக உள்ளே அழைத்துவருகிறார். மிஷினில் ஒருத்திகூட இல்லை. சுவர் நெடுகப் பெண்கள் கண்ணை மூடி, முனகிக்கொண்டு, ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பந்தக்கா, "அவசரப்படாதீக, இளகட்டும், இளகட்டும்" என்று நடந்துகொண்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அண்ணாச்சி, அது வந்து... டீ டைம்..." என்று இழுத்தார்.

வியாபாரி அதைக் காதில் வாங்கவில்லை. லட்சுமியின் தோளில் தொங்கிய குழலையே பார்த்தார். "இது என்ன ஐட்டம்? சாம்பிள்ல இது வரலையே?"

அக்கா முந்திக்கொண்டார். "விக்கிறது இல்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு எங்க வலி?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "கார்ல ரொம்ப தூரம் வந்தா இந்த இடுப்புக்குக் கீழ, பின்பக்கம், அப்படியே கால் வரைக்கும் இழுக்குது" என்றார்.

அந்தப் பெரிய மனிதர் எங்கள் பேக்கிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரோஜாப்பூக் குழலை வைத்துச் சுவரில் சாய்ந்து நின்றதும், அக்கா வெளியே நின்று கதவு வழியாகவே, "பேண்ட்டு பாக்கெட்டு இருக்குற எடத்துல தேடுங்க... பர்ஸ எடுத்து வெளிய வச்சிருங்க..." என்று சொல்லிக்கொடுத்ததும் எங்களுக்கு வாழ்நாளைக்குப் போதும். பெண்கள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார்கள். ஆர்டர் கிடைத்தது. போகும்போது அந்த மயில் குழலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் எதுவும் சொல்வதில்லை. சில நாள் கழித்து, துணி எடுக்க குடோனுக்குப் போன லட்சுமி சத்தம் காட்டாமல் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இவர் துணிக்கட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் ஆட்கள் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலைக்குப் போனோம். மலைப் பெருமாள். கூட்டம் சொல்லி முடியாது. வரிசை நகரவே இல்லை. அக்காவுக்குத் தோள்பட்டையில் பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு கல்தூண். பந்தை எடுத்து முதுகில் வைத்து, தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கு மூச்சு விடும்போது "நாராயணா" என்பது அவர் வழக்கம்.

அடுத்து நின்ற ஒரு அம்மா என்னிடம் மெதுவாக, "இவுக என்ன வேண்டிக்கிட்டு செய்றாக?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கும் பின்னால் நின்றவர், "அந்தத் தூணு விசேஷமாம்" என்றார். எங்கிருந்து தெரிந்துகொண்டாரோ. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தபோது தூணின் மறுபக்கம் இரண்டு பேர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சிலர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா "நாராயணா" என்று சொல்லிச் சொல்லி ஏறி இறங்கினார்.

"ஏட்டி, இப்ப என்ன செய்ய?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"உண்மையச் சொல்லிருங்க."

அவர் தாத்தாவிடம் போய், "அய்யா, இது வேண்டுதல் இல்ல. எனக்குத் தோளுல பிடிப்பு, அதான்" என்றார்.

தாத்தா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அதனால என்னம்மா? எனக்கும்தான் பிடிப்பு. நல்லாத்தான இருக்கு" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் எதற்காக யாரையும் தொடுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கரண்ட் போய் மிஷின்கள் நின்றுகிடந்தபோது அவரே சொன்னார். நைட்டி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

முன்னே அவரும் தையல்தான். வலது தோளில் ஆரம்பித்த வலி கண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. வருஷக்கணக்கில் வலித்தது. கண் டாக்டரைப் பார்த்தார், கண்ணாடி மாற்றினார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். "ஒண்ணுமில்ல, சந்தோசமாப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எல்லாரும் சந்தோசப்பட்டாக. நான் மட்டும் அழுதேன்" என்றார். "ஒண்ணுமில்லன்னா அப்ப எனக்கு வலிக்கிறது என்ன? எங்க வீட்ல அவிய நல்ல மனுசந்தான். அவியளே ஒருநா, 'வேலைக்குப் போக இஷ்டமில்லன்னா நேராச் சொல்லேன், எதுக்கு நடிக்க'ன்னுட்டாக. அன்னைக்கு ராவு நானே யோசிச்சேன், நெசமாவே நடிக்கனோன்னு."

மம்சாபுரத்தில் தடவி விடுகிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் முட்டியால் ஏறி அமுக்கியதில் வெகு நாளைக்குக் கையைத் தூக்க முடியவில்லை. "வலிக்குதுன்னு கத்துறேன். 'வலிச்சாத்தான் போகும், பேசாமக் கெட'ங்காரு. என் ஒடம்பு, எனக்குப் பேச உரிமை இல்ல."

கடைசியில் ராஜபாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது சின்னப் பெண். அக்காவின் மகள் வயதுதான். அவள் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்காவின் விரலையே எடுத்து அந்த இடத்தில் வைத்து, "நீங்களே அமுக்கிப் பாருங்கம்மா" என்றிருக்கிறாள்.

"அமுக்குனேன் தாயி. கண்ணுக்குப் பின்னால அந்த வலி, அதே வலி, அப்பிடியே வந்து நின்னுச்சு. விரல எடுத்தா கொறையுது, வச்சா வருது. நான் ஓன்னு அழுதுட்டேன். அந்தப் பிள்ள பயந்து, 'ரொம்ப வலிக்குதாம்மா'ன்னு கேக்கா. வலிக்கா அழுதேன்? நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சுபோச்சே, அதுக்கு அழுதேன்."

நைட்டியைக் கவரில் போட்டு மேலே தடவிக் காற்றை வெளியேற்றினார்.

"அதுல இருந்துதான். நான் அமுக்கி விட்டா அது என் கெட்டிக்காரத்தனம். அவளே கண்டுபிடிச்சான்னா, அது அவ வலி. ஒருத்தரும் இல்லன்னு சொல்ல முடியாது."

எல்லாவற்றுக்கும் பந்து என்று திரிகிறவர் அல்ல. எங்கள் சரக்கை ஏற்றிப்போகிற லோடு வண்டி டிரைவர் குருசாமி ஒருநாள் இடது கையைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "அக்கா, கை கடுக்குது. தாடை வரைக்கும் இழுக்குது. அந்தப் பந்தக் குடுங்க" என்றார். லட்சுமி குழலோடு ஓடிவந்தாள்.

அக்கா அதை வாங்கிக் கீழே வைத்தார். குருசாமியின் முகத்தை உற்றுப் பார்த்தார். வேர்த்திருந்தது.

"எந்த எடத்துல அமுக்குனா வலிக்குது?"

குருசாமி அங்கும் இங்கும் அமுக்கிப் பார்த்தார். "எங்கயும் இல்லக்கா. உள்ள இருந்து வருது."

"பந்து வேண்டாம். எந்திரி. ஆஸ்பத்திரி."

"லோடு எறக்கிட்டு..."

"ஏலே, எந்திரிங்கேன்ல!" அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் அரண்டுபோய்க் காரை எடுத்தார். நெஞ்சுதான். நேரத்துக்கு வந்துவிட்டதால் குருசாமி பிழைத்தார். வலியை விரல் கண்டுபிடித்தால் நம்முடையது, கண்டுபிடிக்காவிட்டால் டாக்டருடையது என்று அக்கா அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்; ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவர் டாக்டரிடமும் அதைச் சொன்னார். "அத அப்படி நம்பக் கூடாதும்மா. கை, நெஞ்சு, தாடைன்னா எதையும் தேடாம நேரா வரணும்" என்று டாக்டர் அங்கே சொல்லி அனுப்பினார். மறுநாள் டீ நேரத்தில் அக்கா எல்லோரையும் நிற்கவைத்து, "இதுவரைக்கும் நான் சொன்னதுல ஒண்ணு தப்பு" என்று ஆரம்பித்து, அதை அப்படியே ஒப்பித்தார்.

இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வாட்ஸாப்பில் தினமும் பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்புகிறார். அவரைப் பற்றி நினைத்தால் பந்தும் தூணும் நினைத்துச் சிரிப்பு வரும். ஆனால் அவரை நான் முழுதாகப் பார்த்தது சுந்தரபாண்டியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மாரீஸ்வரி என்று ஒரு பெண் எங்களிடம் கழுத்து ஓரத்துக்குப் பைப்பிங் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்தது சுந்தரபாண்டியம். புருஷன் பட்டாளத்தில், எங்கோ வடக்கே. வீட்டில் அவளும் மாமியாரும்தான். ஒரு சனிக்கிழமை அவள் என்னிடம் வந்து, "நாளையில இருந்து வரலக்கா" என்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது. கட்டைவிரலும் மணிக்கட்டும் கொஞ்ச நாளாகவே வலி. பிடி நழுவுகிறது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போது குடம் கைவிட்டுப் போய் எல்லோர் முன்னாலும் விழுந்து நெளிந்துவிட்டது. வேண்டுமென்றே போட்டாள் என்று மாமியார் சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. நரம்பிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அதான் அத்தை அவுகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாக. ஒண்ணுமே இல்லாததுக்கு நடிக்கேன்னு. அவுக, 'எங்கம்மாவ வேலை வாங்கிட்டு நீ மிஷின்ல உக்காருவியா? ஒங்காத்தா வீட்டுக்கே போயிரு'ன்னு கத்திட்டாக. நாளைக்கு எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறான்."

செக்கிங் மேசையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம், "நாளைக்கு நீயும் வா. சுந்தரபாண்டியத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துருவோம். ஓனர் வீட்டுக்காரி கூட வந்தா உள்ள விடுவாக" என்றார்.

நாங்கள் போனபோது அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. மாரீஸ்வரியின் துணிப்பை வாசல் பக்கத்தில் தயாராக இருந்தது. மாமியார் ஐம்பதைத் தாண்டிய ஆள். தோட்ட வேலை பார்த்து இறுகின உடம்பு. எங்களை உட்காரச் சொன்ன விதத்திலேயே கடுப்பு தெரிந்தது.

"கம்பெனிக்காரவுக இம்புட்டு தூரம் வந்திருக்கீக. அவளுக்குப் பரிஞ்சு பேசன்னா, நான் சொல்லிருதேன், அது எங்க வீட்டு விசயம்."

"பேச வரல மதினி. பஸ்ஸுல வந்தது தாகமா இருக்கு, தண்ணி குடுங்க" என்றார் அக்கா.

மாமியார் எழுந்தார். சுவரைப் பிடித்து, ஒரு காலை விந்தி, பல்லைக் கடித்து எழுந்தார். செம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்காரும்போது கால் முன்னால் நீண்டது. கை தானாக முட்டிக்குப் போனது.

அக்கா தண்ணீரைக் குடித்து முடித்தார். "முட்டியா?"

"முட்டிதான். கொல்லுது."

"எக்ஸ்ரே எடுத்தீகளா?"

"எடுக்காம? லேசாத் தேய்மானம், வயசுக்கு அம்புட்டுத்தான், ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பாடு படுதேன்? மவன்கிட்டச் சொன்னா, 'ஒனக்கு எப்பப் பாரு இதே பாட்டுதானம்மா'ங்கான்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"அவன் கெடக்கான். மதினி, முட்டிக்கு மேல வாங்க. தொடைல, உள்பக்கமா. ஒங்க கட்டைவெரல வச்சு மெதுவா அமுக்கிக்கிட்டே மேல ஏத்துங்க. முட்டிய விட்ருங்க."

"வலி முட்டில இருக்கு, தொடையத் தேடச் சொல்லுதீக?"

"தேடித்தான் பாருங்களேன். ஆப்புடலன்னா நான் பஸ்ஸேறிப் போறேன்."

மாமியார் வேண்டாவெறுப்பாகச் சேலைக்கு மேலேயே அமுக்கினார். கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம். சட்டென்று அவர் உடம்பு துள்ளியது.

"யாத்தே!"

"எங்க வலிக்குது?"

"முட்டிக்குள்ள! அதே... அதே எடத்துல!" கையை எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்பவும் துள்ளினார். "அடியாத்தீ, இம்புட்டு வலியா வச்சுக்கிட்டு நடமாடுனேன்? அந்த டாக்டரு பாக்கவே இல்லையே இத!"

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். சதை தெரியாது. அப்பிடியே பிடிச்சிருங்க. ஓங்கி வேண்டாம். மூச்ச விடுங்க."

மாமியார் கண்ணை மூடியிருந்தார். இறுகியிருந்த தாடை மெல்ல இறங்கியது. மாரீஸ்வரி உள்ளே போகிற நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயே திறக்கவில்லை. அவளைக் கூப்பிடவும் இல்லை. எனக்குத்தான் தவிப்பாக இருந்தது. இப்போது சொல்லுங்களேன் என்று அவர் முழங்கையை இடித்தேன். அசையவில்லை.

மாமியார்தான் கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு திரும்பி, நடையில் நின்றவளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஏட்டி, இங்க வா."

மாரீஸ்வரி வந்து உட்கார்ந்தாள்.

"ஒனக்கும் இப்பிடித்தான் எங்கயாவது இருக்கா?"

அவள் அக்காவைப் பார்த்தாள். மாமியார் அவள் கையைப் பிடிக்கப் போனார்.

"மதினி, நீங்க தொடாதீக. அவளே பாக்கட்டும்" என்றார் அக்கா. "மாரீசு, வெரல விடு. மணிக்கட்ட விடு. முழங்கை மடிப்புக்குக் கீழ, மேல்பக்கம். சதையக் குறுக்கால சுண்டிப் பாரு."

மாரீஸ்வரி இடது கை விரலால் முன்கையைத் தடவித் தேடினாள். ஓரிடத்தில் நின்றாள். குறுக்கே சுண்டினாள். அவளுடைய வலது கை விரல் ஒன்று, யாரும் தொடாமல், தானாக வெட்டி இழுத்தது.

மாமியார் அதைப் பார்த்துவிட்டார். "இன்னொருக்கா செய்யி" என்றார். குரல் மாறியிருந்தது.

மாரீஸ்வரி சுண்டினாள். விரல் மறுபடியும் துடித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கட்டைவெரலு வரைக்கும் போகுதா?" என்று மாமியாரே கேட்டார்.

"ஆமா அத்தை."

"ரொம்ப வலிக்குதாட்டீ?"

அவ்வளவு நாளும் அடக்கிவைத்திருந்தவள் அந்தக் கேள்விக்கு உடைந்துபோனாள். தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். மாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி, சரி. அமுக்கிக்கிட்டே அழு. கைய எடுத்துராத" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மாமியார் இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். மகன் எடுத்தான்.

"என்னம்மா, அவண்ணன் வந்துட்டானா?"

"ஏலே, நான் சொல்றதக் கேளு. ஒம் பொண்டாட்டி நடிக்கல. நான் கண்ணால பாத்தேன். கைக்குள்ள முடிச்சு விழுந்து கெடக்கு, சுண்டுனா விரலு துடிக்குது. எனக்கும் காலுல இருக்கு. ரெண்டு பேரு சொன்னதும் நெசந்தான். கேட்டுக்கிட்டியா?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவகிட்டக் குடும்மா" என்றான்.

மாமியார் ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் தடுமாறி அப்படியே நீட்டினார். மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். போகும்போது வாசல் பக்கம் இருந்த துணிப்பையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

கொல்லையில் அவள் மெதுவாகப் பேசுவது கேட்டது. நான் கொஞ்சம் காதைத் தீட்டினேன்.

அக்கா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, சேலையை உதறிவிட்டுக்கொண்டார்.

"வா தாயி, பஸ்ஸு போயிரும்" என்றார்.